உடுக்கைத் தலை ஸ்க்ரூவும் என் ஞாயிற்றுக்கிழமையும்

வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்றுவதில்லை என்று ஒரு புதன்கிழமை காலையில் முடிவு செய்தேன். சும்மா முடிவு இல்லை, வைராக்கியம். குளித்து, விபூதி பூசி, கண்ணாடி முன்னால் நின்று என் முகத்தை நானே பார்த்து எடுத்த வைராக்கியம்.

இதில் என்ன பெரிய வைராக்கியம் என்று நீங்கள் கேட்கலாம். உங்களுக்குப் புள்ளலூரில் மாமியார் வீடு இல்லை. எனக்கு இருக்கிறது.

என் பெயர் பாண்டியன். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால், வீட்டின் முன் அறையையே கடையாக்கி, ஆம்ப்ளிஃபயர், மைக்செட், ஸ்பீக்கர் சர்வீஸ் செய்கிறேன். இந்தத் தாலுகாவில் அலறுகிற அத்தனை ஸ்பீக்கர்களுக்கும் தொண்டை வைத்தியன் நான்தான். இதை நானாகச் சொல்லிக்கொள்ளவில்லை. கடை போர்டில் எழுதியிருக்கிறது. போர்டை எழுதியது நான்.

அதே அறையின் மறுபாதியில் என் மனைவி பரிமளா தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைக்கிறாள். நடுவில் ஒரு திரை தொங்குகிறது. திரைக்கு இந்தப் பக்கம் நான் முதலாளி. அந்தப் பக்கம் அவள் முதலாளி. மொத்தத்துக்கும் யார் முதலாளி என்று எந்த வாடிக்கையாளரும் இதுவரை கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியம் அவர்களுக்கு வரவில்லை.

பரிமளா பிறந்த ஊர் புள்ளலூர். அவள் தங்கை சித்ராவின் மகளுக்கு அந்த ஞாயிற்றுக்கிழமை அங்கே காதுகுத்து. மற்ற மாப்பிள்ளைகள் மாமியார் வீட்டுக்குப் போனால் கை கழுவச் சொம்பில் தண்ணீர் வரும். நான் போனால் மிக்சி வரும். ஆடி மாதம் கூழ் ஊற்றும் திருவிழாவுக்குப் போயிருந்தேன். பஸ்ஸிலிருந்து ஒரு காலைத்தான் கீழே வைத்தேன், மறு கால் படியிலேயே இருக்கிறது, அதற்குள் ஓர் அம்மாள் இஸ்திரிப் பெட்டியை நீட்டிவிட்டார். மாமியார் சிட்டம்மாள் வாசலில் பாய் விரித்து உட்காரவைத்தார். விருந்துக்குத்தான் என்று நினைத்தேன். தெருவே வரிசையில் நின்றது. டேபிள் ஃபேன், டார்ச் லைட், செல்போன் சார்ஜர், மாட்டுக்கொட்டகை மோட்டார். கடைசியில் ஒரு பெரியவர் வாயிலிருந்து பல்செட்டைக் கழற்றி என் முன்னால் வைத்தார். "டிவி செட்டு, மைக் செட்டு எல்லாம் பாக்குறியே நைனா, இத்தயும் கொஞ்சம் பாரு. கடிச்சா ஆடுது" என்றார். கூழ் தீர்ந்த பிறகு எனக்கு ஞாபகமாக ஒரு வெங்காயம் கொடுத்தார்கள்.

அதனால்தான் வைராக்கியம். காதுகுத்துக்குப் போகக் கூடாது. அந்த ஞாயிறு எனக்கு வேண்டும். மெட்ராஸ் போக வேண்டும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வேண்டும். தனியாக ஒரு பிரியாணி சாப்பிட வேண்டும். கடற்கரை மணலில் துண்டை விரித்துக் குப்புறப் படுத்துத் தூங்க வேண்டும். உலகத்தில் ஒருவரும் வந்து "இதுல ஏன் சத்தம் வரல?" என்று என்னை எழுப்பக் கூடாது. இவ்வளவுதான் என் ஆசை.

ஆசை சின்னது. ஆனால் பரிமளாவிடம் என்ன காரணம் சொல்வது? காய்ச்சல் என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தேன். கஷாயம் வந்தது. அதைக் குடித்த பிறகு நிஜமாகவே காய்ச்சல் வந்தது. வயிற்று வலி என்று இன்னொரு தடவை சொன்னேன். "எங்க ஊர்ல நல்ல வைத்தியர் கீறாரு" என்று சொல்லி, போகக் கூடாது என்று நினைத்த புள்ளலூருக்கே ஒரு நாள் முன்னதாக அழைத்துப் போய்விட்டாள்.

இந்த யோசனையில் நான் இருந்தபோதுதான் சாமுவேல் ஆட்டோவில் வந்து இறங்கினான். சர்ச்சில் கிட்டார் வாசிக்கிற பையன், தங்கமான மனுஷன். ஆட்டோக்காரரும் அவனுமாக ஒரு பெட்டியைத் தூக்கமாட்டாமல் தூக்கிவந்து என் மேஜை மேல் வைத்தார்கள். மேஜை முனகியது.

"அண்ணே, கிட்டார் ஆம்ப். யாரோ ஒரு வெள்ளக்காரரு ஊருக்குப் போவ சொல்ல சர்ச்சுக்குக் குடுத்துட்டுப் போனது. எங்க தாத்தா காலத்து மாடலு. சுட்ச்ச போட்டா 'ங்ங்ங்'னு இரைஞ்சிக்கினே கீது. பாட்டு எது, இரைச்சல் எதுன்னு சனங்களுக்குத் தெரியல."

"எப்ப வேணும்?"

"அடுத்த வாரம் அறுப்பின் பண்டிகைக்கு. அவசரமே இல்லண்ணே."

சாமுவேல் போன பிறகு பெட்டியைத் திருப்பினேன். கறுப்பு ரெக்சின் ஒட்டிய மரப்பெட்டி. உள்ளே கண்ணாடிக் குழாய் மாதிரி வால்வு போட்ட பழைய சரக்கு. பின்பக்கம் ஒரு தகடு. தகடு முழுக்க ஸ்க்ரூ. அந்த ஸ்க்ரூக்களைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவற்றின் தலையில் கோடு இல்லை, கூட்டல் குறி இல்லை, நட்சத்திரம் இல்லை. இரண்டு பக்கமும் அகன்று, நடுவில் இடுப்பு சிறுத்து, அச்சாக உடுக்கை வடிவத்தில் ஒரு பள்ளம். உத்திரமேரூரில் ஒரு மெக்கானிக்கும் இதைப் பார்த்திருக்க மாட்டான்.

நான் பார்த்திருக்கிறேன். காஞ்சிபுரத்தில் ஒரு பழைய வெளிநாட்டுக் காரின் கதவில் இதே தலை இருந்தது. இதைக் கழற்றுவது மகா சுலபம். ஒரு தட்டைத் திருப்புளியை அரத்தில் தேய்த்து, அந்த இடுப்புக்குள் சரியாக உட்காருகிற மாதிரி செய்துகொண்டால் போதும், கழன்று வந்துவிடும். டீ ஆறுவதற்குள் முடிகிற வேலை.

ஆனால் அது எனக்குத் தெரியும் என்பது பரிமளாவுக்குத் தெரியாது. எனக்குள் ஒரு விளக்கு எரிந்தது. சீரியல் செட்டே எரிந்தது என்று சொல்லலாம்.

முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு பெட்டியையே வெறித்தபடி உட்கார்ந்தேன். திரைக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. பெருமூச்சு விட்டேன். மெஷின் ஓடியது. இன்னும் பெரிதாக விட்டேன். திரை விலகியது.

"இன்னாயா, பொட்டிய மொறச்சிக்கினே கீற?"

"மோசம் போயிட்டேன் பரிமளா."

"இன்னா ஆச்சி?"

"இந்த ஸ்க்ரூவப் பாரு."

"பாத்தேன். ஸ்க்ரூ."

"நல்லா பாரு."

குனிந்து பார்த்தாள். "உடுக்க மாரி கீது."

"அதான்! சாதா ஸ்க்ரூன்னா நான் கண்ண மூடிக்கினு கயட்டிடுவேன். இது உடுக்கத் தலை. இத்த கயட்ற டூலு இந்த ஜில்லாவுலயே கெடையாது."

"கொறடு போட்டுப் புடிச்சி திருவேன்."

"தலை குயிக்குள்ள ஒக்காந்துக்கினு கீது. கொறடு எத்தப் புடிக்கும்?"

"தட்டத் திருப்புளிய உட்டு திருவிப் பாரு."

பாவி, சரியான விடையைப் போகிற போக்கில் சொல்லிவிட்டாள். நல்லவேளையாக, சரியான விடை என்று அவளுக்கே தெரியவில்லை. முகத்தில் ஒரு சலனமும் காட்டாமல் சிரித்தேன். விஷயம் தெரிந்தவன் தெரியாதவளைப் பார்த்துச் சிரிக்கிற சிரிப்பு.

"தட்டத் திருப்புளியா? வயிக்கிக்கினு போவும். தலை நைஞ்சிரும். அப்பால எவன் வந்தாலும் தொறக்க முடியாது. சர்ச்சு சாமான் பரிமளா! பேஜாராப் பூடும்."

"போன்ல ஆர்டர் போடேன். வூட்டாண்டயே கொண்டாந்து குடுக்குறாங்களே."

"படத்தப் பாத்து ஜாக்கெட் வாங்கினா ஒடம்புக்கு சேருமா? நீதானே சொல்லுவ, அளவு பாக்காம துணிய வெட்டாதன்னு. டூலும் அப்டித்தான். கையில வச்சிப் பாத்துதான் வாங்கணும்."

என் சாமர்த்தியத்தை எண்ணி எனக்கே புல்லரித்தது. அவள் தொழிலை வைத்தே அவளை மடக்கிவிட்டேன். அவளும் தலையை ஆட்டினாள்.

"அப்ப அது எங்கதான் கெடைக்கும்?"

உடனே சொல்லவில்லை. தாடையைச் சொறிந்தேன். கூரை ஓட்டைப் பார்த்தேன். கஷ்டப்பட்டு நினைவுக்குக் கொண்டுவருகிறவனைப் போல, "மெட்ராஸ்ல கெடைக்கும்" என்றேன்.

"சரி, நாளைக்கே போயிட்டு வந்துரு."

"நாளைக்கு இருக்காதே. பயைய டூலெல்லாம் ஞாயித்துக்கெயமதான் பிளாட்பாரத்துல பரப்புவானுங்க."

"இந்த ஞாயித்துக்கெயமையா?"

"அடுத்த வாரம் பண்டிகை. இந்த ஞாயித்துக்கெயமய உட்டா வேற ஞாயித்துக்கெயம ஏது?"

"சித்ரா பொண்ணுக்குக் காதுகுத்தாச்சே!"

"ஐயையோ!"

தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் சாய்ந்தேன். நாடகத்தில் சேர்ந்திருந்தால் நான் எங்கேயோ போயிருப்பேன். "கொயந்த காது குத்த சொல்ல நான் பக்கத்துல இல்லாம எப்டி? மாமியார் இன்னா நெனைப்பாங்க? மச்சான் ஜெகன் இன்னா நெனைப்பான்? சர்ச்சு ஒரு பக்கம், சொந்தம் ஒரு பக்கம். நான் இன்னா பண்ணுவேன்?"

பரிமளா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்டுபிடித்துவிட்டாளோ என்று இன்னொரு பெருமூச்சு விட்டேன். அப்புறம் அவள் சொன்னதைக் கேட்டு எனக்கு எழுந்து ஆட வேண்டும் போல இருந்தது.

"சாமி காரியம் ஆச்சே. நீ மெட்ராசுக்குப் போ. நான் காதுகுத்துக்குப் போறேன். அம்மாகிட்ட சொல்லிக்கிறேன்."

"நெசமாவா?"

"தொயிலுன்னு வந்தா போய்த்தானே ஆவணும். புளிசோறு கட்டித் தரேன்."

புளிசோறு வேறு! வேண்டாம், வெளியே பார்த்துக்கொள்கிறேன் என்று பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேன். பிரியாணிக்கு வயிற்றில் இடம் வேண்டாமா?

அன்று முழுக்கத் தெருவில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். பொண்டாட்டியை ஏமாற்ற முடியாது என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். ஏமாற்றத் தெரியாதவர்கள் கிளப்பிவிட்டது. ஏரிக்கரையில் உட்கார்ந்து கொக்குகளைப் பார்த்தேன். எல்லாம் என்னைப் போலவே சுதந்திரமாகத் தெரிந்தன. வெள்ளிக்கிழமை சட்டையை இஸ்திரி போட்டேன். நானே போட்டேன், பாட்டுப் பாடிக்கொண்டே.

சனிக்கிழமை காலை டீ குடித்துவிட்டு வந்தேன். பரிமளா ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்.

"சாமுவேல் வந்துக்கினு கீறான். ஆம்ப எடுத்துக்கினு போறானாம்."

"எங்க?"

"வேதாசலம் அண்ணன் கடைக்கு."

எனக்கு டீ மேலே வந்தது. வேதாசலம் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். பெரிய தெருவில் கடை வைத்திருக்கிறான். நானும் அவனும் ஒரே இடத்தில் தொழில் கற்றுக்கொண்டவர்கள். அதாவது நான் கற்றுக்கொண்டேன், அவன் கூட இருந்தான். ஒரு தடவை அம்மன் கோயில் ஆம்ப்ளிஃபயரை அவன் சர்வீஸ் செய்தான். ஊர்வலத்தில் அம்மன் பாட்டுக்கு நடுவே ஏதோ ஒரு ரேடியோ ஸ்டேஷன் தக்காளி விலை சொல்லியது. அப்பேர்ப்பட்ட வேதாசலம்!

"அவன்கிட்ட எதுக்கு?" என்றேன். குரல் எனக்கே கீச்சென்று கேட்டது.

"நீ மெட்ராஸ் போனாத்தான் கயட்ட முடியும்னு சாமுவேலுக்கு போன்ல சொன்னேன். அப்டியே ஒரு வார்த்த, வேதாசலம் அண்ணன் கையாலயே அசால்ட்டா கயட்டுவாராமே, 'உடுக்கத் தலை தானே, பாண்டியனுக்கு அது தெரியாதா'ன்னு சிரிச்சாராமேன்னு சொன்னேன்."

"சிரிச்சானா?"

"சிரிச்சாராம்."

"என்னப் பாத்தா?"

"உன்னப் பாத்து இல்ல. உன்ன நெனச்சி."

ஆட்டோ வந்து நின்றது. சாமுவேல் சங்கடத்தோடு நெளிந்தான். "தப்பா நெனைக்காதீங்கண்ணே. அக்கா சொன்னாங்க... உங்களுக்கு வராதுன்னா பரவால்ல. நான் அங்க குடுத்துப் பாக்குறேன்."

எனக்கு வராதாம்! ஆட்டோக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். எதிர் டீக்கடையில் நாஷ்டா தின்றுகொண்டிருந்தவர்கள் இட்லியைக் கையில் பிடித்தபடி திரும்பிப் பார்த்தார்கள். நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வந்த லாரிகூட, ஆட்டோ வழியை அடைத்ததால், நின்று பார்த்தது. இந்தப் பெட்டி என் கடையிலிருந்து திறக்காமல் போய், வேதாசலம் கடையில் திறந்து வந்தால் நான் போர்டை இறக்கிவிட வேண்டியதுதான்.

"எறக்குடா பொட்டிய!" என்று கத்தினேன்.

"இன்னும் ஏத்தவே இல்லியேண்ணே."

"அப்ப அங்கயே இருக்கட்டும். எல்லாரும் உள்ள வாங்க. பரிமளா, திரைய எடு!"

அரத்தை எடுத்தேன். ஒரு தட்டைத் திருப்புளியைப் பட்டறைப் பிடியில் இறுக்கினேன். சர்ரக், சர்ரக் என்று இரண்டு ஓரத்தையும் இழுத்தேன். வைத்துப் பார்த்தேன். கொஞ்சம் அகலம். மறுபடி இழுத்தேன். உடுக்கையின் இடுப்புக்குள் திருப்புளி போய் உட்கார்ந்தபோது 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டதே, அது எனக்கு மங்கள வாத்தியம். மேலிருந்து உடம்பின் பாரம் முழுவதையும் கொடுத்து அழுத்தினேன். அழுத்தம் முக்கியம். கை திருக வேண்டும், தோள் அழுத்த வேண்டும். லேசாகத் திருகினேன். எத்தனையோ வருஷமாக அசையாத ஸ்க்ரூ, கிரீச் என்று ஒரு கொட்டாவி விட்டுக் கழன்று வந்தது.

"வந்திருச்சி!" என்றான் சாமுவேல்.

"வராம?" என்றேன்.

அடுத்தது, அதற்கடுத்தது என்று வரிசையாக வந்தன. நடுவில் ஒன்று மட்டும் அடம் பிடித்தது. பழைய பெயின்ட் வழிந்து கெட்டியாகியிருந்தது. சால்டரிங் அயர்னைச் சூடு பண்ணி அதன் தலைமேல் வைத்தேன். "சூடு பட்டா பெயின்ட் எளகும். எளகின சூட்டுலயே திருவணும். ஆற உட்டா மறுபடி புடிச்சிக்கும்" என்று விளக்கிக்கொண்டே கழற்றினேன். டீக்கடைக்காரர் "ஓகோ" என்றார். அந்த ஓகோவுக்காக இன்னொரு பெட்டியே கழற்றலாம்.

கடைசி ஸ்க்ரூவுக்கு வந்ததும் எனக்கே திக்கென்றது. அது உடுக்கை இல்லை. பழையது தொலைந்துபோய், யாரோ ஒரு புண்ணியவான் ஒருவழி ஸ்க்ரூவைப் போட்டு முடுக்கியிருக்கிறான். திருட்டுப் போகாமல் இருக்கப் போடுகிற ஸ்க்ரூ அது. இறுக்கும்போது திருப்புளிக்குப் பிடி கிடைக்கும். கழற்றும்போது சறுக்கிவிடும். உள்ளே போக வழி உண்டு, வெளியே வர வழி கிடையாது. கல்யாணமானவர்களுக்கு இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

"இது முடியாதாண்ணே?" என்றான் சாமுவேல்.

பரிமளா மெதுவாகச் சொன்னாள்: "முடியலன்னா உட்ருயா. வேதாசலம் அண்ணன் பாத்துக்குவாரு."

"எவன் முடியலன்னான்?"

இதற்கு ஒரே வழிதான். அந்தத் தலை நல்லவேளையாகத் தகட்டுக்கு மேலே குமிழாக நின்றது. குமிழின் இரண்டு பக்கத்தையும் அரத்தால் தட்டையாக்கி, கிரிப் பிளேயரால் கவ்வ வேண்டும். ஆனால் அராவினால் இரும்புத் தூள் உதிரும். வால்வு ஆம்ப்ளிஃபயருக்குள் இரும்புத் தூள் விழுந்தால் அப்புறம் சுவிட்சைப் போடவே பயப்பட வேண்டும். சுற்றிலும் கரை கட்ட ஏதாவது வேண்டும். நான் மேஜையெல்லாம் துழாவினேன். பரிமளா உள்ளே போய், பிசைந்து வைத்திருந்த சப்பாத்தி மாவில் ஓர் உருண்டையைக் கொண்டுவந்து கையில் வைத்தாள்.

"இது ஆவுமா பாரு."

ஆகுமாவா? பிரமாதமாக ஆனது. ஸ்க்ரூவைச் சுற்றி மாவால் வரப்பு கட்டினேன். அராவினேன். உதிர்ந்த தூளெல்லாம் மாவில் ஒட்டிக்கொண்டது. பிளேயரால் கவ்வி, மூச்சைப் பிடித்து, ஒரு திருகு. நழுவியது. இன்னொரு பக்கம் அராவினேன். கவ்வினேன். இன்னொரு திருகு. அசைந்தது! கால் சுற்று, அரைச் சுற்று. அப்புறம் விரலாலேயே கழற்றி, எல்லோரும் பார்க்கும்படி உயர்த்திக் காட்டினேன். டீக்கடையிலிருந்து விசில் வந்தது. லாரி டிரைவர் ஹாரன் அடித்தார். வழி விடச் சொல்லி அடித்ததாக ஆட்டோக்காரர் பிற்பாடு சொன்னார். நான் நம்பவில்லை.

தகட்டைத் தூக்கினேன். "யாரும் கிட்ட வராதீங்க. பிளக்க புடுங்கிட்டாலும் உள்ள கரண்டு தங்கியிருக்கும். தொட்டா தூக்கி அடிச்சிரும்" என்று கூட்டத்தை ஓரடி பின்னால் தள்ளினேன். தங்கியிருந்த கரண்டை முறைப்படி இறக்கினேன். இரைச்சலுக்குக் காரணம் ஒரு கண்டென்சர், காய்ந்து வற்றிப்போயிருந்தது. என் டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றினேன். தூசியைத் தட்டினேன். சாமுவேல் வீட்டுக்கு ஓடிப்போய் கிட்டாரைக் கொண்டுவந்து சொருகினான். வால்வுகள் மெதுவாகச் சூடேறி ஆரஞ்சாக எரிந்தன. அவன் ஒரு கம்பியைத் தட்டினான்.

அந்த நாதத்தை நான் எப்படிச் சொல்வேன்? இரைச்சல் மருந்துக்கும் இல்லை. நெய் ஊற்றின மாதிரி ஒலித்தது. சாமுவேலுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எனக்கும் வந்தது, நான் வேர்வை என்று துடைத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் எனக்கு இருக்கிற சந்தோஷமே இந்த ஒரு நிமிஷம்தான். அதற்காக எத்தனை ஸ்க்ரூ வேண்டுமானாலும் கழற்றலாம்.

சாமுவேல் என் கையைப் பிடித்துக்கொண்டான். "அண்ணே, நீங்க கில்லாடிண்ணே!"

அந்த ஒரு சொல் என் தலைக்கு ஏறிவிட்டது. ஸ்டூல் மேல் ஒரு காலை வைத்தேன். தேய்த்த திருப்புளியைச் செங்கோல் மாதிரி பிடித்துக்கொண்டேன்.

"நல்லா கேட்டுக்கோ சாமுவேலு! எல்லாரும் கேட்டுக்கோங்க! தட்டத் திருப்புளிய அரத்துல நாலு இழுப்பு இழுத்தா முடிஞ்சுது உடுக்கத் தலை! இது எனக்கு ஆதியிலயே தெரியும். பொட்டி வந்த அன்னிக்கே தெரியும். இதுக்குப் போயி தனி டூலு வேணும், மெட்ராஸ் போவணும்னு எவனாச்சும் சொன்னா அவன் மெக்கானிக்கே இல்ல. கப்சா உடறான்னு அர்த்தம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். எல்லோரையும்விட அதிகமாகப் பரிமளா தட்டினாள். மற்றவர்கள் நிறுத்திய பிறகும் அவள் மட்டும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்ப மெட்ராஸ் போவ வேணாம்" என்றாள்.

ஸ்டூலிலிருந்து காலை எடுத்தேன்.

"பரிமளா, அது வந்து..."

"பொட்டி வந்த அன்னிக்கே தெரியும்னு சொன்னியே. எனக்குத்தான்யா புரியல. ஆம்பும் பாடுது, டூலும் தேச்சாச்சி. நாளைக்கு இன்னா வேல உனக்கு?"

கூட்டம் என்னைப் பார்த்தது. நான் திருப்புளியைப் பார்த்தேன். வாயைத் திறந்தேன். காய்ச்சல், வயிற்று வலி இரண்டும் நாக்கு நுனிவரை வந்து திரும்பிப் போயின. அத்தனை பேர் முன்னால் சிங்கம் மாதிரி நின்றவனுக்கு அடுத்த நிமிஷமே வயிற்று வலி வந்தால் யார் நம்புவார்கள்?

"காலைல மொத பஸ்சு" என்றாள் பரிமளா. "உன் டூல் பைய நான் எடுத்து வச்சிட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை. இஸ்திரி போட்ட சட்டை. ஜன்னலோர சீட்டு. என் ஆசையில் அந்த இரண்டு மட்டும் நிறைவேறின. வயல்கள் பின்னால் ஓடின. மடியில் டூல் பை கனத்தது. சிட்டம்மாள் அத்தை நேற்றே போன் செய்துவிட்டாராம். காதுகுத்துக்கு வைத்த மைக்செட் கரகரக்கிறதாம். மச்சான் ஜெகன் வீட்டு கிரைண்டர் சுற்றவில்லையாம். விஷயம் தெரிந்து பக்கத்து ஊரிலிருந்தும் ஆட்கள் கிளம்பி வருகிறார்களாம்.

வரட்டும். எனக்குக் கவலையே இல்லை. உண்மையைச் சொன்னால் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன். ஒரு ஞாயிறு போனால் போகட்டும், மானம் நின்றதே! அந்தக் கிட்டார் சத்தம் காதிலேயே இருந்தது. இந்நேரம் உத்திரமேரூர் முழுக்க என் பேச்சாகத்தான் இருக்கும். பெரிய தெருவில் வேதாசலம் கடையைத் திறந்ததும் யாராவது போய்ச் சொல்வார்கள். அவன் கையிலிருக்கிற திருப்புளி நழுவி விழும். நினைக்க நினைக்க இனித்தது. பரிமளா பக்கம் திரும்பி, மீசையைத் தடவிக்கொண்டு கேட்டேன்.

"சாமுவேல் சொன்னானா? நான் கயட்டினத கேட்டதும் வேதாசலம் மூஞ்சி எப்டி போச்சாம்?"

பரிமளா ஜன்னல் வழியாகப் புள்ளலூர் வருகிறதா என்று எட்டிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"அவரு எங்கய்யா ஊர்ல கீறாரு? பொண்டாட்டி ஒரே ஒரு தபா கூப்ட்டதும், போன வாரமே கடைய மூடிட்டு ஒயுங்கா மாமியார் வூட்டுக்குப் போயிட்டாரு."